தவளை வண்டிக்கு ஒரு சார்ஜர் பாயிண்ட்

அரியாங்குப்பத்தில் வந்து சந்திரமோகன் கடை எங்கே என்று கேட்டால் ஆளாளுக்கு யோசிப்பார்கள். தவளை வண்டிக்காரர் கடை என்று கேட்டால் பால் வாங்கப் போகிற பிள்ளைகூடக் கை காட்டும். வாலிப வயதிலிருந்து பைக்குக்கும் காருக்கும் சீட் கவர் தைத்துச் சம்பாதிக்காத பெயரை ஒரே ஒரு பச்சை வண்டி வாங்கிக் கொடுத்துவிட்டது. அதில் அவருக்கு வருத்தமா பெருமையா என்று கேட்டால் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நூலைக் கடித்துத் துப்புவார். பெருமைதான், சந்தேகமே வேண்டாம்.

அது ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இரண்டு சீட்டு, நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. அதில் ஏறுவது என்று சொல்லக் கூடாது, இறங்குவது என்றுதான் சொல்ல வேண்டும். குனிந்து, ஒரு காலை உள்ளே நீட்டி, மீதிக்குக் கடவுள் மேல் பாரத்தைப் போட்டு விழுந்துவிட வேண்டும். எழுந்து வெளியே வர யாராவது கை கொடுத்தால் நல்லது.

இப்படி ஒரு வண்டி சீட் கவர் தைக்கிறவர் கைக்கு எப்படி வந்தது? புருஷோத்தமன் என்று ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து அந்த ஊர் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பத்துக்காரர், சீட்டு கிழிந்துவிட்டதென்று கொண்டுவந்து விட்டார். தைத்து முடிப்பதற்குள் அவருடைய மகள் பிரான்சுக்கே வந்துவிடும்படி கூப்பிட்டுவிட்டாள். வீட்டை விற்றார், சாமான்களைக் கொடுத்தார், வண்டிக்கு மட்டும் ஆளில்லை. ஓட்டுகிற ஸ்திதியிலும் அது இல்லை. "நீயே வச்சுக்கோ சந்திரமோகன், நல்லா பாத்துக்கோ. மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு விமானம் ஏறிவிட்டார். மெக்கானிக் இராமதாஸ் அதை உயிர்ப்பித்துத் தெருவில் ஓட விடுவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

இந்த வயதில் இவருக்கு இது தேவையா என்று தெருவே பேசியது. ஆனால் சந்திரமோகனிடம் ஒரு காரணம் இருந்தது. 

கல்யாணமான புதிதில் அவரிடம் சைக்கிள். பிறகு மொபெட். மனைவி ஜெயசித்ரா எப்போதும் பின்னால்தான். இருவருக்கும் நடுவில் ஒரு ரெக்ஸின் சுருள், முன்னால் மகள், ஹேண்டிலில் இரண்டு பை. போகிற வழியில் ஏதாவது பேசவேண்டுமென்றால் காற்றோடு மல்லுக்கட்டிக் கத்தவேண்டும். "இன்னா?" என்று அவர் கேட்க, "ஒண்ணுமில்ல" என்று அவள் கத்த, பாதிக் குடும்ப விஷயம் அப்படியே காற்றில் போய்விட்டது. இப்போது மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே ஜெயசித்ராவோடு எங்கேயாவது போகவேண்டும். அவருடைய ஆசை அவ்வளவுதான். அதற்கென்றே செய்த மாதிரி அந்த வண்டியில் இரண்டு சீட்டுதான் இருந்தது.

ஆசை அரியாங்குப்பம் பாலம் வரைக்கும்தான் தாங்கியது. ஜெயசித்ரா லாஸ்பேட்டையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் வேலை செய்கிறாள். ஒருநாள் காலை, வண்டியிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று அவளை உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். பாலத்தின் மேல் ஏதோ ஒரு லாரி குறுக்கே நின்றுவிட, முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துக்கொண்டன. தவளையில் ஏசி கிடையாது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் புகைக்குழாய் சரியாக ஜெயசித்ராவின் முகத்துக்கு நேராக இருந்தது.

அவளுக்கு மாதவிலக்கு நிற்கிற வயது. ஒரு வருஷமாக உடம்பு அவள் பேச்சைக் கேட்பதில்லை. சும்மா இருக்கிறபோதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். ரவிக்கை நனைந்துவிடும். கொஞ்ச நேரம் போட்டு வாட்டிவிட்டுத் தானாகப் போய்விடும். அன்றைக்குப் பாலத்தின் மேல் அது வந்தது. முகம் சிவந்து, மூச்சு முட்டி, முந்தானையால் விசிறிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.

"வண்டியா இது? இட்லி குண்டான்! இனிமே இந்தத் தவளைல காலே வெக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, எப்படியோ எம்பி எழுந்து, பின்னால் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். வண்டிகள் நகர்ந்தபோது அந்த பஸ் தவளையை உரசிக்கொண்டு தாண்டிப் போயிற்று. ஜன்னல் ஓரத்தில் இருந்த ஜெயசித்ரா மேலேயிருந்து கீழே அவரை ஒரு பார்வை பார்த்தாள். பஸ்ஸில் இருந்த மற்றவர்களும் பார்த்தார்கள்.

சந்திரமோகனுக்கு அவமானம் ஒரு நாளோடு போய்விட்டது. அவள் முகம்தான் போகவில்லை. அவ்வளவு சிவந்து, அவ்வளவு நனைந்த முகத்தை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. வீட்டில் அவள் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு எதையும் எடுக்காமல் நிற்பதன் அர்த்தம் அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. எதையோ மறந்துவிட்டு யோசிக்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவளை வண்டியில் கூப்பிடவில்லை. அப்படியே விட்டிருப்பார். ஆனால் பிள்ளைச்சாவடியிலிருந்து காதுகுத்துக்கு அழைப்பு வந்தது. பிள்ளைச்சாவடி ஜெயசித்ராவின் பிறந்த ஊர். அங்கே அவளுடைய அண்ணன் அம்மாவாசை கடலுக்குப் போகிறவர், சொந்தமாக ஒரு போட்டு, மீன்பிடிப் படகு, வைத்திருப்பவர். அவருடைய பேத்திக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து.

"நான் பஸ்ஸுல போய்க்கிறேன். நீங்க உங்க தவளைல வாங்க" என்றாள் ஜெயசித்ரா, வெங்காயம் உரித்துக்கொண்டே, ஏதோ உப்பு வாங்கிவரச் சொல்கிற மாதிரி.

இது சந்திரமோகனுக்குச் சுருக்கென்று தைத்தது. காரணம் இருக்கிறது. அவர்களுடையது காதல் கல்யாணம். அவர் மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளை, அவள் கடற்கரை வீட்டுப் பெண். இது எத்தனை நாளைக்கு என்று அந்தக் காலத்தில் அம்மாவாசை ஊர் நடுவில் நின்று கேட்டிருக்கிறார். இப்போது அவரே வாய் நிறைய மாப்ள என்கிறார், நல்ல மீன் விழுந்தால் முதல் பங்கு கொடுத்தனுப்புகிறார். ஆனாலும் அந்த வீட்டு வாசலில் புருஷன் ஒரு வண்டியிலும் பெண்டாட்டி ஒரு வண்டியிலுமாகப் போய் இறங்குவதா? முடியாது. மறுபடி மொபெட்டை எடுக்கலாம்தான். அந்த வெயிலில் அவளைப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகிற எண்ணமே அவருக்குப் பிடிக்கவில்லை. அவள் அவர் பக்கத்தில், நிழலில், வாட்டமில்லாமல் உட்கார்ந்து வரவேண்டும். எப்படியாவது.

இராமதாஸிடம் போனார். அவன் ஒரு வேனுக்கு அடியில் கிடந்தான்.

"ஏசியெல்லாம் அதுக்குத் தாங்காதுண்ணே. சின்ன எஞ்சினு, மூச்சு வாங்கும். ஒரு ஃபேன் வாங்கி மாட்டுங்க."

நூறடி ரோட்டில் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் ஃபேன் கிடைத்தது. வண்டி பேட்டரியில் ஓடுவது, கிளிப் வைத்தது, எந்தப் பக்கமும் திருப்பலாம். அதன் பிளக்கைச் செருகத்தான் இடமில்லை. இப்போது வருகிற வண்டிகளில் சார்ஜர் பாயிண்ட் இருக்கிறது. தவளையின் டாஷ்போர்டில் அப்படி ஒரு ஓட்டையே கிடையாது. அதையும் தனியாக ஒன்று வாங்கிக்கொண்டு மறுபடி இராமதாஸிடம் வந்தார். அவன் இன்னும் வேனுக்கு அடியிலேயே இருந்தான்.

"திங்கக்கெழம கொண்டாங்கண்ணே."

"ஞாயித்துக்கெழம விசேஷம்பா."

"அப்ப நீங்களே போட்டுக்குங்க. பெரிய வேலையா அது? பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு செவப்பு ஒயரு, பக்கத்துலயே ஒரு ஃப்யூஸு. கருப்பு ஒயர எங்கனா பாடில ஸ்க்ரூ வெச்சு முடுக்கிடுங்க, எர்த்து ஆயிடும். ஃப்யூஸ் போடாம மட்டும் வுட்டுடாதீங்க, வண்டியே எரிஞ்சிடும்."

எல்லா வண்டிக்கும் சொல்கிற மாதிரி வேனுக்கு அடியில் இருந்தவன் சொல்லிவிட்டான். இவரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு, வீட்டு வாசலில் வண்டியின் மூக்கைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒயர் வேலை அவருக்குத் தெரியாது. ஆனால் எதையும் வெளியே தெரியாமல் மறைத்துத் தைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்தார். டாஷ்போர்டுக்குக் கீழே சார்ஜர் பாயிண்டுக்கு வட்டமாக ஓட்டை போட்டு, அதைச் சுற்றிக் கருப்பு ரெக்ஸினில் இரட்டைத் தையல் ஓட்டினார். சிவப்பு ஒயரை, மற்ற ஒயர்கள் நுழைகிற ரப்பர் ஓட்டை வழியாகவே உள்ளே இழுத்து, ரெக்ஸினுக்கு அடியில் படுக்கவைத்து, மேலே தைத்து மூடினார். ஃப்யூஸையும் மறக்கவில்லை. கருப்பு ஒயரைப் பக்கத்திலேயே பாடியில் ஒரு ஓட்டை போட்டு ஸ்க்ரூ வைத்து முடுக்கினார். பார்த்தால் கம்பெனியிலிருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது. தன் வேலையைத் தானே கொஞ்ச நேரம் ரசித்துவிட்டு, பேட்டரியை மாட்டி, ஃபேனைச் செருகினார்.

ஃபேன் அசையவில்லை.

பிளக்கைத் திருகிப் பார்த்தார். ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. ஸ்க்ரூ சரியாகப் பிடிக்கவில்லையோ என்று வேறொரு இடத்தில் ஓட்டை போட்டு முடுக்கினார். பிறகு இன்னொரு இடம். பிறகு இன்னும் ஒன்று. ஃபேனை நேராகப் பேட்டரியில் வைத்தால் ஜம்மென்று சுற்றியது, உள்ளே கொண்டுவந்து செருகினால் ஊமையாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்.

காலையிலிருந்து எட்டிப் பார்க்காத ஜெயசித்ரா டீயோடு வந்தாள்.

"செல்லுக்கு சார்ஜு போட வூட்டுல எடமே இல்லியா? அதுக்குப் போயி வண்டிய சல்லடையா ஆக்கி வெச்சிருக்கீங்க."

சந்திரமோகனுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "செல்லுக்கு இல்லடி, ஃபேனுக்கு! உனக்குத்தான் போடுறேன். அன்னிக்குப் பாலத்து மேல உன் மூஞ்சியப் பாத்தேன் இல்ல, எனக்கு மனசு கேக்கல. நாளிக்கு உங்க அண்ணன் வூட்டுக்கு நீ பஸ்ஸுல, நான் இதுலயா? ரெண்டு பேரும் ஒண்ணா போவணும்னு நெனச்சேன். அது இன்னாடான்னா ஓட மாட்டேங்குது."

இவ்வளவையும் கத்தித்தான் சொன்னார். எதிர்வீட்டு ராஜாம்பாள் துணி காயப்போட வந்தவள், துணியை மறந்து நின்றாள்.

ஜெயசித்ரா டீ கிளாஸை அவர் கையில் கொடுத்தாள். கீழே கிடந்த அந்தச் சின்ன ஃபேனை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வரிசையாகப் போட்டிருந்த ஓட்டைகளைப் பார்த்தாள். விரலை மடக்கி, கதவை, மூக்கை, டாஷ்போர்டுக்குப் பக்கத்தை என்று ஒவ்வொரு இடமாகத் தட்டினாள். டொக், டொக் என்று கேட்டது.

"இன்னாங்க, இது தகரமே இல்லியே."

"ஃபைபரு. அதான் துருவே புடிக்காது" என்றார் அவர், அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்காமல்.

"எங்க அண்ணன் போட்டும் ஃபைபருதான்."

"அதுக்கின்னா இப்ப?"

"அதுல லைட்டுக்கு ரெண்டு ஒயரும் பேட்டரி வரைக்கும் போவும். நீங்க ஒண்ணத்தக் கொண்டாந்து ஃபைபர்ல முடுக்கி வெச்சிட்டு, கரன்ட்டு வரல வரலன்னா எப்பிடி வரும்? ஒரு தபா புதுசா ஒரு லைட்டுக்காரன் எங்க போட்டுல இப்பிடித்தான் பண்ணிட்டுத் தலைய சொறிஞ்சிட்டு நின்னான். கரையே சிரிச்சுது."

சந்திரமோகன் டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்தார். வண்டி ஃபைபர் என்பது அவருக்குத் தெரியாததா? ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரே அவர்தானே. போன மாதம் மூக்கு ஓரத்தில் விரிசல் விட்டபோது, போட்டுக்குப் பூசுகிற ரெசினை மச்சானிடமிருந்தே வாங்கிவந்து ஒட்டியிருக்கிறார். பாடியில் முடுக்கு என்று இராமதாஸ் சொன்னதும் அதெல்லாம் மறந்துபோய், இரும்பு வண்டிக்குப் போடுகிற மாதிரி ஓட்டை ஓட்டையாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். வேறு என்ன செய்வது?

ஆசை ஆசையாகத் தைத்த தையலை அவரே பிரித்தார். கருப்பு ஒயர் அவ்வளவு நீளத்துக்கு இல்லை, மிச்சமிருந்த சிவப்பையே வெட்டிக்கொண்டார். அது ரப்பர் ஓட்டையில் நுழையாமல் முரண்டு பிடித்தது. ஜெயசித்ரா உள்ளே போய்த் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக்கொண்டு வந்தாள். ஒயர் நுனியை அதில் கட்டி அவர் வெளியேயிருந்து தள்ள, அவள் வண்டிக்குள் தலையைக் கொடுத்து இழுத்தாள். அந்தத் தவளையில் காலே வைக்கமாட்டேன் என்றவளுக்குத் தலை மட்டும் கணக்கில் வராது போலிருக்கிறது.

பேட்டரியை மாட்டினார். ஃபேன் சுற்றியது! சுற்றியதே தவிர, காற்று வரவில்லை. முகத்தை வைத்துப் பார்த்தார், கையை வைத்துப் பார்த்தார். ஃபேனுக்குப் பின்பக்கம் தொங்கிய துணி மட்டும் லேசாக ஆடியது. இரண்டு ஒயரும் சிவப்பாகிவிட்டதில் பிளஸும் மைனஸும் இடம் மாறி, ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"நல்லா போட்டீங்க போங்க! ரோட்டுல போறவனுக்குல்லாம் காத்து வரும், நமக்கு வராது" என்று சொல்லி ஜெயசித்ரா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுநாள் ஆயிற்று. அதற்காகவே இன்னொரு முறை ஒயரை மாற்றிப் போடலாம் போல இருந்தது அவருக்கு. ஒயர்களை இடம் மாற்றினார். காற்று வந்தது. தையலை மறுபடி ஓட்டி முடித்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. நாளைக்கு வருகிறாயா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை பட்டுப்புடவையில், சீர்த்தட்டோடு வந்து வண்டி பக்கத்தில் நின்றாள்.

"பாலம் வரைக்கும் வரேன். அப்புறம் பாக்கலாம்."

பாலத்தில் நெரிசல் இல்லை. ஊரைத் தாண்டி, முத்தியால்பேட்டையைத் தாண்டி, கோட்டக்குப்பம் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் ஒரு ஊர்வலமோ என்னவோ, எதுவும் நகரவில்லை. பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. அவள் கை தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடிப்பதை சந்திரமோகன் பார்த்தார். கழுத்து சிவந்தது, காது சிவந்தது. பட்டுப்புடவை வேறு.

"எறங்கிக்கிறியா ஜெயா? ஆட்டோ புடிக்கட்டுமா?"

அவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஃபேனை முகத்துக்கு நேராகத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டாள். அது பெரிய காற்றொன்றும் இல்லை. நெற்றி முடி பறக்கிற அளவுக்குத்தான் வந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்த பிறகுதான் முன்னால் வழி விட்டது தெரிந்தது.

கடலோரச் சாலைக் காற்று உள்ளே வந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள்.

"போயிடுச்சு" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஒரு வருசமா வருதுங்க இது. ஹாஸ்டல்ல அடுப்பாண்ட வந்தா நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். உங்களுக்குத் தெரியவே தெரியாதுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

"தெரியாதுதான். அந்தப் பாலத்துமேலதான் தெரிஞ்சுது" என்றார் சந்திரமோகன். "நீ சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க சொல்றது? மொபெட்டுல பின்னாடி ஒக்காந்துக்குனா?"

கத்தவேண்டிய அவசியமே இல்லாமல் இவ்வளவும் பேசிக்கொண்டு போனார்கள். நல்லவேளையாக சந்திரமோகனுக்கு ரோட்டைப் பார்த்து ஓட்டவேண்டியிருந்தது.

காதுகுத்து வீட்டில் தவளையைப் பார்க்கத்தான் கூட்டம். அம்மாவாசை அதைத் தட்டிப் பார்த்து, "நம்ம போட்டு தானே மாப்ள இது, சக்கரம் வெச்சிருக்காங்க" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். பிள்ளை அழுது ஓய்ந்து, மாமன்மார் சீர் வைத்து, பந்தி முடிந்து, கிளம்புகிற நேரத்தில் வெயில் உச்சியில் நின்றது. மணலில் கால் வைக்க முடியவில்லை.

"இந்த வெயில்ல அந்தக் குண்டானுக்குள்ள எப்பிடிம்மா போவ?" என்றார் அம்மாவாசை தங்கையிடம். "என் பையன் ஏசி வண்டி வெச்சிருக்கான். டவுனுக்குத்தான் போறான், சில்லுனு கொண்டாந்து வூட்டுல வுட்டுடுவான். மாப்ள அவரு வண்டில பின்னாடி வரட்டும்."

சந்திரமோகன் மணலில் ஏறிய கானலையும் அவள் கழுத்தில் ஒட்டியிருந்த பட்டுப்புடவையையும் பார்த்தார். தன்னுடைய சின்ன ஃபேன் இதற்கு முன் எம்மாத்திரம்?

"ஆமா ஜெயா, அதுலயே போ. நான் பின்னாடியே வரேன்" என்றார், முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு. சொல்லிவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போய்விட்டார். அவள் அந்த வண்டியில் ஏறுவதைப் பார்க்கவேண்டாம் என்றிருந்தது.

குழாயைத் திறந்து கையை நீட்டினார். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. தவளையின் ஹாரன். பிள்ளைகள் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். மறுபடியும் கேட்டது, இந்த முறை விடாமல்.

எட்டிப் பார்த்தார். பட்டுப்புடவையை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஜெயசித்ரா தவளைக்குள் உட்கார்ந்திருந்தாள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கை ஹாரனில் இருந்தது. அண்ணன், அண்ணி, அண்ணன் மகனின் ஏசி வண்டி, பாதி ஊர், எல்லாம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னாங்க, நீங்க வரீங்களா, இல்ல நானே ஓட்டிக்கினு போவட்டுமா?"

ஜெயசித்ராவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சந்திரமோகன் கையைக்கூடத் துடைக்காமல் ஓடினார்.